'தேன்' வந்தால் பின்னால் 'டு'வா, 'இங்'கா?

மூன்று வாக்கியங்களைக் கொடுத்து எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். "இட் இஸ் சீப்பர் டு குக் தேன் ஆர்டரிங்." "குக்கிங் இஸ் சீப்பர் தேன் டு ஆர்டர்." "ஐ ப்ரிஃபர் டு ரீட் தேன் வாட்சிங் டிவி." மூன்றிலும் பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. கடையில் வரவழைப்பதை விடச் சமைப்பது மலிவு, டிவி பார்ப்பதை விடப் படிப்பது பிடிக்கும். ஆனாலும் மூன்றுக்கும் சிவப்பு மை விழுந்திருக்கிறது. ஒப்பிடும்போது இன்ஃபினிட்டிவா ('டு குக்' போல 'டு' சேர்ந்த வினை) ஜெரண்டா ('குக்கிங்' போல 'இங்' சேர்ந்து பெயராக நிற்கும் வினை) என்று கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: இதை முடிவு செய்வது யார்? எழுதுகிறவரின் விருப்பமா, வாக்கியத்தில் இருக்கும் ஏதோ ஒரு சொல்லா?

பெரும்பாலும் சொல்தான். இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். முதலில், ஒப்பிடப்படும் முதல் பொருள் என்ன வடிவத்தில் வந்திருக்கிறது. அடுத்து, இரண்டையும் இணைக்கும் சொல் எது. இணைக்கும் சொல் 'தேன்' அல்லது 'ஆஸ்' என்றால் முதல் பொருளின் வடிவமே இரண்டாவதுக்கும். இணைக்கும் சொல் ப்ரெபொசிஷன் ('ஆஃப்', 'வித்', 'ஃப்ரம்' போலப் பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல்) என்றால் பேச்சே இல்லை, ஜெரண்ட்தான். (தி-எச்-ஏ-என் என்ற சொல் தமிழ் எழுத்தில் தேனாகிவிடுவதற்கு நான் பொறுப்பில்லை.) உங்கள் முதல் இரண்டு வாக்கியங்கள் முதல் விதியில் தடுக்கின்றன, மூன்றாவது இரண்டிலும் தடுக்கிறது.

இந்தப் பிழை நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதற்குக் காரணம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது. "ஆட்டோவுக்கு நிற்பதை விட நடந்தே போய்விடலாம்" என்கிறோம். இதில் 'விட'வுக்கு முன்னால் இருப்பது 'நிற்பதை', இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர் வடிவம். அந்த இடத்தில் பெயர்தான் வரமுடியும். 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தை அங்கே வைத்துப் பாருங்கள்: 'நிற்க விட', 'பேச விட'. ஒப்பீடு காணாமல் போய், அனுமதிப்பது என்ற பொருள் வந்துவிடுகிறது. 'காட்டிலும்' போட்டாலும் இதே கதைதான், 'நிற்பதைக் காட்டிலும்' என்றே வரும். ஆனால் மறுபக்கத்தைத் தமிழ் கட்டிப்போடுவதில்லை. 'நடந்தே போய்விடலாம்' என்று முற்று வினை வரலாம், 'நடப்பது நல்லது' என்று பெயர் வரலாம், 'நட' என்று ஏவலும் வரலாம். அதாவது தமிழில் ஒரு தட்டு பூட்டியது, மறு தட்டு திறந்தது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை.

இதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது, 'விட'வோடு வரும் பகுதிக்குக் கை தானாக 'இங்' போடுகிறது. 'வெயிட்டிங்' நமக்கு 'நிற்பது' போல ஒரு பெயராகக் கேட்கிறது அல்லவா? மறுபக்கம் "இட் இஸ் பெட்டர் டு" என்று பள்ளியில் மனப்பாடமான தொடக்கம். இரண்டையும் ஒட்டினால் "இட் இஸ் பெட்டர் டு வாக் தேன் வெயிட்டிங்". உங்கள் முதல் வாக்கியம் அச்சு அசலாக இதே வார்ப்புதான். ஆங்கிலத் தராசு வேறு மாதிரி. ஒரு தட்டில் 'டு' வைத்தால் மறு தட்டிலும் 'டு', ஒரு தட்டில் 'இங்' என்றால் மறு தட்டிலும் 'இங்'.

சரி, முதல் தட்டில் எதை வைப்பது? வாக்கியம் "இட் இஸ்" என்று தொடங்கினால் இன்ஃபினிட்டிவ்தான் இயல்பு: "இட் இஸ் சீப்பர் டு குக்". இங்கே 'இட்' வெறும் இடம் பிடிப்பவர். உண்மையான எழுவாய் 'டு குக்', பின்னால் தள்ளி உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. செயலையே முதலில் எழுவாயாக நிறுத்தினால் ஜெரண்ட் இயல்பு: "குக்கிங் இஸ் சீப்பர்". இவற்றை மாற்றிப் போட்டால் இலக்கணம் உடைந்துவிடாது. "டு குக் இஸ் சீப்பர்" பிழை அல்ல, ஆனால் பழமொழி போலவோ மேடைப் பேச்சு போலவோ ஒலிக்கும். "இட் இஸ் சீப்பர் குக்கிங் அட் ஹோம் தேன் ஈட்டிங் அவுட்" என்று பேச்சில் தாராளமாக வரும், அதில் இரு பக்கமும் 'இங்' இருப்பதால் தராசும் நேராகவே நிற்கிறது. தேர்வுத்தாளிலோ அலுவலகக் கடிதத்திலோ எழுதும்போது முதலில் சொன்ன இரண்டோடு நின்றுகொள்ளுங்கள்.

இரண்டாவது 'டு'வை விட்டுவிடலாமா என்றால், விடலாம். "இட் இஸ் சீப்பர் டு குக் தேன் ஆர்டர்" நல்ல ஆங்கிலம். ஒரே 'டு' இரண்டு வினைக்கும் நுகத்தடி போல நிற்கிறது. ஆனால் 'இங்' அப்படி விட்டுப்போகாது. "குக்கிங் இஸ் சீப்பர் தேன் ஆர்டர்" என்று எழுதினால் 'ஆர்டர்' அந்தரத்தில் தொங்கும். 'டு' தனிச்சொல், அதை இரண்டு வினைகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். 'இங்' சொல்லோடு ஒட்டிய விகுதி, அதைப் பங்கு போட முடியாது. இரண்டாவது 'டு'வை எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: முதல் வினைக்கும் 'தேன்'க்கும் நடுவில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வந்துவிட்டால் போட்டுவிடுங்கள். "இட் இஸ் சீப்பர் டு குக் எ சிம்பிள் மீல் ஃபார் ஃபோர் பீப்பிள் அட் ஹோம் தேன் டு ஆர்டர் ஒன்" என்பதில் அந்த 'டு' இல்லையென்றால், வாசிப்பவர் 'தேன்'ஐ எதோடு சேர்ப்பது என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

முதல் தட்டின் வடிவத்தைச் சில வினைகள் தாங்களே நிர்ணயிக்கும். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'மைண்ட்', 'ஸ்பென்ட் டைம்' ஆகியவற்றுக்கு 'இங்' மட்டுமே: "ஹி ஸ்பென்ட் மோர் டைம் பார்க்கிங் தேன் டிரைவிங்". 'வான்ட்', 'ஹோப்', 'வுட் லைக்', நேரம் பிடிப்பதைச் சொல்லும் "இட் டேக்ஸ்" ஆகியவற்றுக்கு 'டு': "இட் டுக் லாங்கர் டு பார்க் தேன் டு டிரைவ் ஹியர்". சொல்ல வந்த செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், வண்டி ஓட்டியதை விட நிறுத்த இடம் தேடியதுதான் அதிக நேரம். வினை மாறியதும் வடிவமும் மாறிவிட்டது.

இனி ப்ரெபொசிஷன். 'இன்ஸ்டெட் ஆஃப்', 'கம்பேர்ட் வித்', 'டிஃபரன்ட் ஃப்ரம்', 'லைக்', இவற்றின் பின்னால் 'டு' வரவே வராது. "டாக்கிங் டு ஹிம் இஸ் லைக் டாக்கிங் டு எ வால்", சுவரோடு பேசுவது போல. குழப்பம் செய்வது 'டு' என்ற சொல்தான், ஏனென்றால் அது இரண்டு வேடம் போடுகிறது. ஒன்று இன்ஃபினிட்டிவின் அடையாளச் சொல், இன்னொன்று முழு ப்ரெபொசிஷன். 'ப்ரிஃபர்' என்ற வினை லத்தீனிலிருந்து வந்தது, ஒன்றை இன்னொன்றுக்கு முன்னால் வைப்பது என்று அதன் அடிப்பொருள். அதனால் 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' போன்ற மற்ற லத்தீன் வழி ஒப்பீட்டுச் சொற்களைப் போல இதற்கும் 'தேன்' கிடையாது, 'டு'தான். அந்த 'டு' ப்ரெபொசிஷன். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். "ஐ ப்ரிஃபர் காபி டு டீ" என்பது சரியாக வருகிறது, ஆகவே 'டீ' இருக்கும் இடத்தில் வினை வந்தால் ஜெரண்டாகத்தான் வர வேண்டும்: "ஐ ப்ரிஃபர் ரீடிங் டு வாட்சிங் டிவி". "ஐ வான்ட் டு டீ" என்று சொல்ல முடியாது, ஆகவே 'வான்ட்'டின் 'டு' வேறு ஜாதி. இந்தச் சோதனையை 'தேன்'க்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதன் பின்னால் பெயரும் வரும், 'இங்'கும் வரும், 'டு'வும் வரும்.

'ப்ரிஃபர்' இன்ஃபினிட்டிவோடும் வரும்: "ஐ ப்ரிஃபர் டு ரீட்". அப்படித் தொடங்கிவிட்டால் ஒப்பிடும் பொருளைச் சேர்ப்பதில் சிக்கல். "ப்ரிஃபர் டு ரீட் டு டு வாட்ச்" என்று இரண்டு 'டு' முட்டிக்கொள்ளும், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே மாதிரி வடிவங்கள் அடுத்தடுத்து நிற்பதை மொழி தவிர்க்கும் இந்தப் போக்கை மொழியியலாளர் குந்தர் ரோடன்பர்க் 'ஹாரர் ஈக்வை' என்ற லத்தீன் பெயரில் ஆராய்ந்திருக்கிறார். முட்டலைத் தவிர்க்க ஆங்கிலம் கண்ட வழி 'ராதர் தேன்': "ஐ ப்ரிஃபர் டு ரீட் ராதர் தேன் வாட்ச் டிவி". 'ராதர்' இல்லாமல் "ப்ரிஃபர் டு ரீட் தேன் வாட்ச்" என்று சொல்வதைத் தாய்மொழிக்காரர்களிடமும் கேட்கலாம், ஆனால் கவனமாகத் திருத்துகிறவர் அதை விடமாட்டார். "ப்ரிஃபர் ரீடிங் தேன் வாட்சிங்" என்பதைப் பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'வுட் ராதர்' வந்தால் 'டு'வும் இல்லை, 'இங்'கும் இல்லை. இரு பக்கமும் வெறும் வினை: "ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட்". இதில் மயக்கம் எதுவும் இல்லை.

மயக்கம் உள்ள இடம் 'ராதர் தேன்' தனியாக வரும்போது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் வெறும் வினையும் வரும், 'இங்'கும் வரும்: "ராதர் தேன் வெயிட், ஹி வாக்ட்" என்றும் "ராதர் தேன் வெயிட்டிங், ஹி வாக்ட்" என்றும் எழுதலாம். 'தேன்' ஓர் இணைப்பிடைச்சொல், அதன் பின்னால் 'இங்' வரக்கூடாது என்று சில பயன்பாட்டு நூல்கள் சொல்லும். 'ராதர் தேன்' சேர்ந்து 'இன்ஸ்டெட் ஆஃப்' போல வேலை செய்கிறது, ஆகவே 'இங்' தகும் என்பது மற்றவர்கள் கட்சி. வழக்கு இரண்டாவது கட்சியோடு இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனாலும் விடைத்தாளில் வெறும் வினையைப் போட்டுவிட்டால் எந்தக் கட்சிக்காரரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

வாக்கியத்தின் நடுவில், இறந்தகால வினைக்குப் பின் வந்தால் இன்னும் நுட்பம். "ஹி வாக்ட் ராதர் தேன் டுக் எ பஸ்" என்று இரு பக்கமும் இறந்தகாலமாக எழுதலாம். அது வெறும் 'இது நடந்தது, அது நடக்கவில்லை'. "ஹி வாக்ட் ராதர் தேன் டேக் எ பஸ்" என்றால் பஸ் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தது உள்ளே வந்துவிடும். இந்த வேறுபாடு கற்பனை இல்லை என்பதை உயிரில்லாத எழுவாயை வைத்துப் பார்த்தால் தெரியும். "தி ரோப் பிரோக் ராதர் தேன் ஸ்ட்ரெச்ட்", கயிறு நீளவில்லை, அறுந்துவிட்டது. அதையே "ராதர் தேன் ஸ்ட்ரெச்" என்று எழுதினால், நீள்வதற்கு மானப்பட்டு அறுந்துபோகலாம் என்று கயிறு தீர்மானித்தது போல ஆகிவிடும். தொழில்நுட்ப அறிக்கை எழுதுகிறவர்கள் விழக்கூடிய குழி இது.

தராசு விதிக்கு ஒரு திருத்தமும் தேவை. ஒத்திருக்க வேண்டியது ஒப்பிடப்படும் பொருளோடு, பக்கத்தில் கண்ணில் படும் வினையோடு அல்ல. "தேர் இஸ் நோ பெட்டர் வே டு லேர்ன் தேன் டீச்சிங்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'டு லேர்ன்' என்று இருக்கிறது, பின்னால் 'டீச்சிங்' வருகிறது, தராசு சாய்ந்துவிட்டதே என்று தோன்றும். சாயவில்லை. கற்பதையும் கற்பிப்பதையும் இங்கே யாரும் எடை போடவில்லை. எடை போடப்படுவது 'வே', அதாவது வழி. 'வே' பெயர்ச்சொல், அதற்கு இணையாக 'டீச்சிங்' என்ற பெயர் நிற்கிறது. "தேன் பை டீச்சிங்", "தேன் டு டீச்" என்பவையும் சரி. கண்மூடித்தனமாக இரண்டு பக்கமும் ஒன்றாக்கும் திருத்தக்காரர்கள் இதைத்தான் முதலில் கெடுப்பார்கள். இதே காரணத்தால் ஜெரண்ட் ஒரு பக்கமும் சாதாரணப் பெயர்ச்சொல் மறு பக்கமும் வருவது குற்றமில்லை: "வாக்கிங் இஸ் சீப்பர் தேன் தி பஸ்". 'இங்' பெயரின் குணம் உள்ளது, பெயரோடு ஒத்துப்போகும். "டு வாக் இஸ் சீப்பர் தேன் தி பஸ்" மட்டும் நொண்டும்.

சில தொடர்களை விதி பார்க்காமல் அப்படியே மனதில் வைப்பதுதான் வழி. "ஹி நோஸ் பெட்டர் தேன் டு ஆர்க்யூ", வாதாடும் அளவுக்கு அவர் விவரம் கெட்டவர் இல்லை. இங்கே எப்போதும் 'டு', 'ஆர்க்யூயிங்' வராது. "ஐ வுட் லைக் நத்திங் மோர் தேன் டு ஸ்லீப்" என்பதிலும் 'டு', காரணம் 'வுட் லைக்'. ஆனால் "நத்திங் இஸ் மோர் போரிங் தேன் வெயிட்டிங்" என்பதில் 'நத்திங்' பெயர்ச்சொல் போல எழுவாயாக நிற்பதால் 'இங்' இயல்பு. "ஹி டிட் மோர் தேன் கம்ப்ளெய்ன்", குறை சொன்னதோடு நிற்கவில்லை, இதில் 'டூ'வின் தயவால் வெறும் வினை. 'டூ', 'எனஃப்', "நாட் ஸோ ஃபூலிஷ் ஆஸ் டு பிலீவ் இட்" போன்ற அளவுச் சொற்களுக்கு எல்லாம் 'டு'தான், அங்கே ஜெரண்டுக்கு இடமே கிடையாது. இதில் 'டூ' இரண்டு வேறு சொற்கள், ஒன்று செய்வது, ஒன்று மிகை. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

பொருளில் வேறுபாடு உண்டா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் மெல்லியது. 1968இல் அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் ஒரு கருத்தை முன்வைத்தார்: 'இங்' செயலை உள்ளதாக, நடப்பதாகக் காட்டுகிறது, 'டு' அதை இன்னும் நடக்காத ஒரு சாத்தியமாக வைக்கிறது. "வெயிட்டிங் இஸ் வொர்ஸ் தேன் நோயிங்" என்று சொல்பவர் காத்திருந்து பட்டவர் போல ஒலிப்பார். "இட் இஸ் வொர்ஸ் டு வெயிட் தேன் டு நோ" என்பவர் இரண்டையும் தள்ளி நின்று பார்க்கிறார். இது போக்குதானே தவிர விதி அல்ல. அதோடு, மேலே பார்த்தபடி, பெரும்பாலான ஒப்பீடுகளில் பொருள் வாய் திறப்பதற்குள் இலக்கணம் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. பொருள் வேறுபாடு தெளிவாகத் தெரிவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், 'லைக்' என்ற வினையோடு. "ஐ லைக் ஸ்விம்மிங்" என்பது இன்பம். "ஐ லைக் டு சீ தி டென்டிஸ்ட் ட்வைஸ் எ இயர்" என்பது இன்பமல்ல, அது நல்லது என்று தேர்ந்துகொண்ட வழக்கம். அமெரிக்கர்கள் இரண்டுக்குமே 'டு' போடுவது சகஜம். ஆகவே "ஐ லைக் டு குக் மோர் தேன் டு ஈட்" என்று ஓர் அமெரிக்கர் எழுதினால் அதில் ஆழமாக எதையும் தேடவேண்டாம்.

உங்கள் மூன்று வாக்கியங்களுக்கு வருகிறேன். முதலாவதை "இட் இஸ் சீப்பர் டு குக் தேன் டு ஆர்டர்" என்று மாற்றுங்கள், இரண்டாவது 'டு' உங்கள் விருப்பம். இரண்டாவது "குக்கிங் இஸ் சீப்பர் தேன் ஆர்டரிங்". மூன்றாவதுக்கு, எப்போதும் உள்ள விருப்பத்தைச் சொல்கிறீர்கள் என்றால் "ஐ ப்ரிஃபர் ரீடிங் டு வாட்சிங் டிவி". இன்று இரவு ஒருநாள் மட்டும் என்றால் அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டு "டுநைட் ஐ வுட் ராதர் ரீட் தேன் வாட்ச் டிவி" என்று எழுதுங்கள், 'டு'வும் 'இங்'கும் இல்லாமலே முடிந்துவிடும்.